ஆறடி ரோஸ்லின்

கட்-அவுட்டைப் பார்த்ததும் நீரஜாவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பெருங்குடியில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் மூன்றாம் மாடி. லிஃப்ட் கதவு திறந்தால் நேர் எதிரே ஆறடி உயரத்துக்கு ஒரு பெண் கைகூப்பி நின்றாள். கட்சிக்காரர்கள் வைக்கிற மாதிரியே ஓரம் வெட்டி, பின்னால் கட்டை கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். நீல யூனிஃபார்ம், படிய வாரிய தலை. முகம் மட்டும் காசு கொடுத்து வாங்கியது. எங்கேயோ ஒரு சோப்பு விளம்பரத்துக்குப் பல்லைக் காட்டிய பெண்ணின் முகம்.

அப்புறம் அந்த யூனிஃபார்மின் மேல் எழுதியிருந்ததைப் படித்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"நான் ரோஸ்லின். வயசு 36. கடலோரக் குப்பத்துல வீடு. பதினோரு நிமிஷம் நடந்தா வேலைக்கு வந்துடுவேன். இங்க ஐயாவைத் திருப்பிப் போட்டுட்டு ஓடுவேன், அங்க அம்மாவைத் திருப்பிப் போட்டுட்டு ஓடியாருவேன்."

அதற்கும் கீழே சிவப்பு எழுத்தில், நீரஜா எழுதாத ஒரு வரி இருந்தது. "ரோஸ்லின் செய்யும் தவறை நீங்கள் செய்யாதீர்கள்!"

நீரஜாவின் வேலையைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவள் சிரிப்பு ஏன் நின்றது என்பது புரியாது. தி.நகரில் ஒரு ஆலோசனை நிறுவனத்தில் பயனர் ஆய்வுக்கும் உத்திக்கும் அவள்தான் தலைவி. கீழே எட்டுப் பேர். ஒரு கம்பெனி ஒரு ஆப் செய்திருக்கும். அது ஏன் சரியாக ஓடவில்லை என்று கம்பெனிக்குத் தெரியாது. நீரஜா போய், அதைப் பயன்படுத்துகிறவர்கள் வீட்டில் உட்கார்ந்து, அவர்களைப் பேசவிட்டுக் கேட்டு வருவாள். பிறகு கம்பெனிக்காரர்களிடம் "இதைச் செய்யுங்கள், அதை விடுங்கள்" என்று சொல்வாள். பன்னிரண்டு வருஷமாக இதே பிழைப்பு. யார் வீட்டிலும் பத்தாவது நிமிஷத்தில் உண்மையை வரவழைத்துவிடுவாள் என்று ஆபீசில் அவளுக்குப் பேர்.

நூறு பேர் கஷ்டப்படுகிறார்கள் என்று சொன்னால் எந்த முதலாளிக்கும் காதில் ஏறாது. ஒருத்தி கஷ்டப்படுகிறாள் என்று சொன்னால் கர்ச்சீப்பை எடுப்பார்கள். அதனால் இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஐந்தாறு பேர் சொன்னதைக் கலந்து, இல்லாத ஒரு ஆளை உண்டாக்கி, அவளுக்குப் பேர், வயசு, ஊர், ஒரு படம் எல்லாம் கொடுத்து மேடையேற்றுவார்கள். பெர்சோனா என்று சொல்வார்கள். கலப்பதில்தான் சூட்சுமம். ஒருத்தியின் வயசு, இன்னொருத்தியின் வீடு, மூன்றாமவளின் பேச்சு என்று சேர்த்துவிட்டால் யாரையும் யாரும் அடையாளம் காண முடியாது. ஐந்து பேருக்குக் குறைந்து பெர்சோனா செய்யக்கூடாது என்பது நீரஜாவே தன் ஆட்களுக்குப் போட்ட சட்டம்.

அந்தச் சட்டத்தை அவளே மீறியிருந்தாள்.

பக்கபலம் ஹோம் கேர் என்பது இந்தக் கண்ணாடிக் கட்டடத்துக் கம்பெனியின் பெயர். படுத்த படுக்கையாகக் கிடக்கிற பெரியவர்களைப் பார்த்துக்கொள்ள வீட்டுக்கு ஆள் அனுப்புகிற கம்பெனி. வந்த பெண் இரண்டு மணிக்கு ஒரு தரம் நோயாளியோடு சேர்ந்து தன்னை ஒரு படம் எடுத்து ஆப்பில் ஏற்ற வேண்டும். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளை அதைப் பார்த்து நிம்மதியாகத் தூங்குவான். பெண்கள் மட்டும் ஏன் மூன்று மாதம்கூடத் தங்காமல் வேலையை விட்டுப் போகிறார்கள் என்பதைக் கண்டுபிடித்துச் சொல்லத்தான் நீரஜாவைக் கூப்பிட்டார்கள். மழை கொட்டிய ஒரு வாரம். கடற்கரைப் பக்கம் ஆறு பேரைப் பார்ப்பதாக ஏற்பாடு. ஐந்து பேர் பின்வாங்கிவிட்டார்கள். பேச ஒப்புக்கொண்டவள் ஜாஸ்மின் ஒருத்திதான். சாந்தோமுக்குப் பின்னால் ஹவுசிங் போர்டில் இரண்டாம் மாடியில் தன் வீட்டில், பக்கவாதத்தில் விழுந்த அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் போட்டு உட்கார்ந்து, இரண்டு மணி நேரம் பேசினாள்.

என்ன பேச்சு அது! கச்சேரி ரோட்டில் ஒரு வீட்டில் ஐயாவைப் பார்த்துக்கொள்கிறாள். காலையிலேயே நாலு படம் எடுத்து வைத்துக்கொண்டு, நேரம் வரும்போது ஒவ்வொன்றாக ஏற்றுவாள். ஒன்றில் ஐயாவின் தோளில் பச்சைத் துண்டு, ஒன்றில் வெள்ளைத் துண்டு, ஒன்றில் திரைச்சீலை திறந்திருக்கும், ஒன்றில் மூடியிருக்கும். பன்னிரண்டரைக்கு வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டி, துணி மாற்றி, புண் வராமல் திருப்பிப் படுக்க வைத்துவிட்டு ஒன்றே காலுக்குள் திரும்பிவிடுவாள். "அதுக்கு ஒரு தனி மூளை வோணும் மேடம்" என்று சொல்லிச் சிரித்தாள். நீரஜாவும் சிரித்தாள். பிறகு ஜாஸ்மின் சிரிப்பை நிறுத்தி, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"கம்பெனிக்குத் தெரிஞ்சா வேலை பூடும் மேடம். வேலை பூட்டா பரவால்ல. பேஷண்ட்டை வுட்டுட்டுப் போய்ட்டான்னு போலீசுல எழுதிக் குடுத்துடுவாங்க. போன வருசம் ஒரு பொண்ணுக்கு அப்டித்தான் செஞ்சாங்க. அப்பால எந்த ஊட்லயும் வேலை கெடைக்காது."

"உங்க பேரு, குரல், வீடு எதுவும் என் ரூமைத் தாண்டாது ஜாஸ்மின். நான் கேரண்டி" என்றாள் நீரஜா. அப்படியே காகிதத்திலும் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

வெள்ளிக்கிழமை அறிக்கை கொடுக்க வேண்டும். ஊரின் மற்ற பக்கங்களில் எடுத்த பேட்டிகள் எல்லாம் சவசவவென்று இருந்தன. ஜாஸ்மினின் பேச்சு மட்டும் அப்படியே ஜொலித்தது. நீரஜா பேரை மாற்றினாள், வயசில் இரண்டு கூட்டினாள், சாந்தோமைக் கடலோரக் குப்பம் ஆக்கினாள். மீதியை அப்படியே வைத்துவிட்டாள். நல்ல பேச்சின் மேல் இருந்த ஆசைதான், வேறென்ன சொல்ல. இன்னொரு வரியும் இருந்தது. "சமையல் அக்கா இருக்கிற நேரமா பார்த்து, அவங்களாண்ட சொல்லிட்டுத்தான் மேடம் போவேன். ஐயாவை ஒரு நாளும் தனியா வுட்டதில்ல." ஸ்லைடில் இடம் போதாமல் அந்த வரியை எடுத்துவிட்டாள்.

"எப்படி மேடம் நம்ம ரோஸ்லின்?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

நிரஞ்சன். பக்கபலத்தில் வேலையாட்களை நடத்துகிற தலைமை அதிகாரி. முப்பத்தைந்து வயசு இருக்கும், எதற்கெடுத்தாலும் உற்சாகம். கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. கெட்டவனாக இருந்திருந்தால் நீரஜா ஜாக்கிரதையாக இருந்திருப்பாள்.

"இது... இதை எதுக்கு இங்க வெச்சீங்க?"

"எல்லாரும் தினம் பார்க்கணும் இல்லையா! நேத்து முதல் பேட்ச்சுக்கு ட்ரெயினிங். அறுபது பொண்ணுங்க. எல்லாரும் இது முன்னாடி நின்னு செல்ஃபி எடுத்தாங்க. செம ஹிட் மேடம் உங்க ரோஸ்லின்."

"அந்தச் சிவப்பு லைன் எங்க அறிக்கையில இல்லையே. நாங்க சொன்னது வேற. மத்தியானம் அரை மணி பிரேக் குடுங்க, அந்த நேரத்துக்கு மாத்து ஆள் ஏற்பாடு பண்ணுங்க, ஃபோட்டோ கேக்கறதை நிறுத்திடுங்கன்னு முப்பத்தொண்ணாம் பக்கத்துல இருக்கு."

"அது அடுத்த வருஷ பட்ஜெட்ல பார்ப்போம். இப்ப உடனே பண்ண முடிஞ்சதைப் பண்றோம்." அவன் குரலைத் தாழ்த்தினான், பெரிய ரகசியத்தில் பங்கு கொடுக்கிறவன் போல. "ஒண்ணு சொல்லட்டுமா? ரோஸ்லின் யாருன்னு கிட்டத்தட்ட கண்டுபிடிச்சிட்டோம்."

முகத்தை மாற்றாமல் வைத்திருப்பது நீரஜாவின் தொழில், வைத்திருந்தாள். "ரோஸ்லின்னு யாரும் இல்ல நிரஞ்சன். அஞ்சாறு பேரைக் கலந்து செய்யறது அது."

"அப்படின்னா பத்து பதினஞ்சு நிமிஷம்னு இருக்கும் மேடம். கலந்து செஞ்சா பதினோரு நிமிஷம் எப்படி வரும்?"

பதினோரு நிமிஷம் என்று ஜாஸ்மின் சொன்னபோது அந்தத் துல்லியம் பிடித்துப்போய்த்தான் அவள் அதை வைத்திருந்தாள்.

"அச்யுத்னு நம்ம டேட்டா பையன். அட்டெண்டர் வீட்டுக்கும் பேஷண்ட் வீட்டுக்கும் ஒரு கிலோமீட்டருக்குள்ள இருக்கறவங்க யாருன்னு பார்க்கச் சொன்னேன். மயிலாப்பூர், சாந்தோம் பக்கம் ஒன்பது பேர். இன்னிக்குப் பன்னண்டு மணியில இருந்து அந்த ஒன்பது பேருக்கும் திடீர் திடீர்னு ஆப் கேட்கும். மூணு நிமிஷத்துக்குள்ள படம் எடுக்கணும். பழைய படத்தை ஏத்த முடியாது. ஒன்பது பேர்ல எட்டுப் பேர் எடுத்துடுவாங்க." அவன் கட்-அவுட்டைப் பார்த்துக் கண்ணடித்தான்.

"வேண்டாம் நிரஞ்சன். அவங்க எங்களை நம்பிச் சொன்னது. இதுக்காகச் சொல்லல."

"நான் என்ன தூக்குலயா போடப் போறேன்? நீங்கதானே மேடம் முதல் நாள் சொன்னீங்க, ஆளுங்க என்ன சொல்றாங்கன்னு கேட்டு அதை வெச்சு முடிவெடுங்கன்னு. கேட்டோம், எடுத்துட்டோம்." அவன் நிஜமாகவே புரியாமல் பார்த்தான். "பெரியவர் ஒருத்தரு தனியா கிடக்கும்போது மூச்சு நின்னுட்டா? பிள்ளைக்கு நான் என்ன பதில் சொல்றது?"

சமையல் அக்கா இருக்கிறாள் என்ற வாக்கியம் நாக்கு நுனி வரை வந்தது. அதைச் சொன்னால் ஒன்பது பேரில் மதியம் சமையற்காரி இருக்கிற வீடு எது என்று அச்யுத் இன்னொரு வடிகட்டு போடுவான். நீரஜா வாயை மூடிக்கொண்டாள். வாய் திறந்தாலும் ஜாஸ்மினுக்கு ஆபத்து, திறக்காவிட்டாலும் ஆபத்து. மணி பதினொன்று ஐம்பது.

தலைவலி என்று எதையோ உளறிவிட்டுக் கீழே இறங்கிக் காரில் ஏறினாள். போன் பண்ணிச் சொல்லிவிட்டால் தீர்ந்தது என்று எடுத்தபிறகுதான் நினைவு வந்தது: நம்பர் இல்லை. அறிக்கை கொடுத்து முப்பது நாளில் பேட்டி கொடுத்தவர்களின் பேர், நம்பர், ஒலிப்பதிவு எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும் என்பது அவள் போட்ட இன்னொரு சட்டம். அதை மட்டும் ஒழுங்காகக் கடைப்பிடித்திருந்தாள். ஆட்களைத் தேடிப் பிடித்துக் கொடுக்கிற ஷோயப்புக்குப் போட்டாள்.

"சாந்தோம் பொண்ணா மேடம்? நம்பர் இல்லையே. அழிச்சுடு, அழிச்சுட்டேன்னு மெயில் போடுன்னு நீங்கதானே பத்து தரம் சொன்னீங்க? போட்டேனே."

"ஞாபகம் இருக்கா பாருங்க ஷோயப். ஒரு நாலு நம்பராவது."

"மேடம், எம் பொண்டாட்டி நம்பரே எனக்கு ஞாபகம் இல்ல."

வீடு மட்டும் தெரியும். பன்னிரண்டரைக்கு ஜாஸ்மின் அங்கே வருவாள். வந்த உடனே பிடித்துத் திருப்பி அனுப்பிவிட்டால், நடுவில் ஆப் கேட்காமல் இருந்தால், தப்பித்தாள். அதில் எத்தனை "ஆல்" இருக்கிறது என்று நீரஜா எண்ணிப் பார்க்கவில்லை. டிரைவரிடம் சாந்தோம் போகச் சொன்னாள். மெட்ரோ வேலைக்காக ரோட்டைப் பாதியாக்கி வைத்திருந்தார்கள். வண்டிகள் அடுத்தடுத்து ஒட்டிக்கொண்டு நின்றன. பன்னிரண்டு ஆயிற்று. எங்கேயோ ஒன்பது போன்கள் இந்த நிமிஷத்திலிருந்து எப்போது வேண்டுமானாலும் கத்தும். மத்திய கைலாஷ் தாண்ட பன்னிரண்டே கால். அடையாறு பாலத்தில் கார் ஏறும்போது அவள் தன் கட்டைவிரல் நகத்தைக் கடித்தே ரத்தம் வரவழைத்திருந்தாள். அது அவளுக்குப் பள்ளிக்கூடத்தோடு போய்விட்ட பழக்கம்.

பயம் என்றால் அது தனக்கு வருவது என்றுதான் அவள் இத்தனை நாள் நினைத்திருந்தாள். வேலை போகுமோ, பேர் கெடுமோ என்று. இது வேறு மாதிரி இருந்தது. தன்னால் இன்னொருத்திக்கு ஆகப்போவதைப் பற்றிய பயத்துக்கு எங்கேயும் ஒளிய இடமில்லை. போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் ஜாஸ்மின் உட்கார்ந்திருப்பது போலவும், எதிரே மேஜையில் தன் ஸ்லைடின் பிரிண்ட் கிடப்பது போலவும் தோன்றிக்கொண்டே இருந்தது.

ஹவுசிங் போர்டு வாசலில் இறங்கியபோது பன்னிரண்டு முப்பத்தெட்டு. காய்ந்த மீன் வாடை, தண்ணி லாரியைச் சுற்றிக் குடங்கள். படியை இரண்டிரண்டாக ஏறினாள். கதவில் பூட்டு இல்லை, சங்கிலி மட்டும் கொக்கியில் மாட்டியிருந்தது. ஜாஸ்மின் வந்திருந்தால் சங்கிலி எடுத்திருக்குமே? எடுத்து உள்ளே பார்த்தாள்.

கட்டிலில் அந்தோணியம்மாள் இருந்தாள். ஜாஸ்மினின் அம்மா. ஒரு காலத்தில் மீன் கூடையைத் தலையில் வைத்து மயிலாப்பூர் தெருத்தெருவாகக் குரல் கொடுத்தவள். இப்போது வலது பக்கம் முழுக்க விழுந்து, பேச்சும் போய்விட்டது. கண் மட்டும் நன்றாக இருந்தது. கதவுச் சத்தத்துக்கு அந்தக் கண் ஆவலோடு திரும்பி, நீரஜாவைப் பார்த்ததும் அணைந்தது.

"ஜாஸ்மின் வந்தாங்களாம்மா?"

இடது கை கொஞ்சம் எழுந்து, படுக்கையில் விழுந்தது. அறையில் மூத்திர வாடை இருந்தது. போன தரம் வந்தபோது இந்த அறையில் டெட்டால் வாடைதான் அடித்தது என்பது நீரஜாவுக்கு நன்றாக நினைவிருந்தது. அதைக்கூடக் குறிப்பில் எழுதியிருந்தாள்.

பாயை விரித்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். களத்துக்குப் போனால் எதையும் தொடாதே, உதவி செய்யாதே, பார்த்துக்கொண்டு மட்டும் இரு என்று புதிதாகச் சேர்கிற பிள்ளைகளுக்கு அவள் பாடம் எடுப்பாள். அந்தப் பழக்கத்தில்தானோ என்னவோ, மடியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். படியில் செருப்புச் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் கதவைப் பார்த்தார்கள். சத்தம் மேல் மாடிக்குப் போய்விட்டது. பன்னிரண்டு ஐம்பது. மறுபடி சத்தம், மறுபடி இரண்டு பேரும் திரும்பினார்கள். ஏதோ குழந்தை பந்தைத் துரத்திக்கொண்டு ஓடியது. ஒரு மணி. வரவேண்டியவள் வரவில்லை. பிடித்துவிட்டார்கள். தெருவில் கால் வைத்த நேரத்தில் ஆப் கேட்டிருக்கும், மூன்று நிமிஷம் போயிருக்கும், கம்பெனியிலிருந்து ஆள் கிளம்பியிருப்பான்.

கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வந்தாள், கையில் மூடிபோட்ட கிண்ணம். பக்கத்து வீட்டு சகினா. ஐம்பது வயசிருக்கும்.

"யாரும்மா நீ? கதவைத் தொறந்துகினு உள்ள குந்திகினு கீறே?"

"ஜாஸ்மினைப் பார்க்க வந்தேன். மத்தியானம் வருவாங்களே... அவங்களுக்கு ஏதாவது ஆயிடுச்சா?"

"அதுக்கு இன்னா ஆவப் போவுது? வேலைல கீது. மத்தியானம் வர்றதில்ல. நேத்தும் வரல, இன்னிக்கும் வராது." சகினா கிண்ணத்தை வைத்துவிட்டு ஸ்பூனைத் துடைத்தாள். "நேத்து காலையில அதுங்க வாட்சப்புல இன்னாவோ படம் வந்துச்சாம். கம்பெனில ஒரு பொம்மையை நிக்க வெச்சு, அதும் மேல இது சொன்னதையெல்லாம் அப்டியே எழுதி வெச்சிகீறானுங்களாம். எல்லாப் பொண்ணுங்களும் யாருடி இந்த ரோசிலினு, யாருடி இந்த ரோசிலினுன்னு சிரிக்குதுங்க. இதுக்குக் கை காலெல்லாம் உதறிப்போச்சு. காலைல ஆறு மணிக்குப் போனா நைட்டு ஏழு மணிக்குத்தான். நான் கஞ்சி ஊத்துவேன். திருப்பிப் போட என்னால ஆவாது, எனக்குக் கர்ப்பப்பை எடுத்து ரெண்டு மாசம்தான் ஆவுது. வெய்ட்டு தூக்கக்கூடாதுன்னுட்டாங்க."

அப்படியானால் ஜாஸ்மின் மாட்டவில்லை. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, நீரஜாவுக்கு உடம்பு லேசாயிற்று. அந்த நொடி முடிவதற்குள் அறையின் வாடை மூக்கில் ஏறியது. காலை ஆறிலிருந்து இரவு ஏழு வரை. நேற்றும், இன்றும். அவள் ஓடிவந்தது நடக்கப்போவதைத் தடுக்க. நடக்க வேண்டியது நேற்றே நடந்து, இதோ கட்டிலில் கிடந்தது.

"நான் திருப்பறேன். நீங்க எப்படின்னு மட்டும் சொல்லுங்க" என்றாள்.

"உனக்குத் தெரியுமா? இரு, அதாண்டயே கேக்குறேன்." சகினா போனை எடுத்துப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துக் கட்டில் மேல் சாய்த்தாள். "ஏ ஜாஸ்மின், இங்க ஒரு அம்மா வந்துகீது. கண்ணாடி போட்டுகினு, கொஞ்சம் நரச்ச முடி. உன்னைப் பாக்கணுங்குது."

அந்தப் பக்கம் ஒரு ஃபேன் ஓடுவது மட்டும் கேட்டது.

"ஜாஸ்மின், நான் நீரஜா. பேட்டிக்கு வந்தேனே. முதல்ல இதைக் கேளுங்க. இன்னிலருந்து ஆப் எப்ப வேணா படம் கேட்கும், ஐயா வீட்டை விட்டு வெளிய வராதீங்க. நான் உங்க பேரை யார்கிட்டயும் சொல்லல. சத்தியமா சொல்லல."

"எங்கம்மாவைப் படம் எடுத்தீங்களா மேடம்?"

"இல்ல. ஐயோ, இல்ல."

"எடுக்காதீங்க மேடம். கையெடுத்துக் கும்புடுறேன். அந்த நெலமையில எடுக்காதீங்க."

"எடுக்க மாட்டேன். அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்கணும். எப்படின்னு சொல்லுங்க, நான் செய்யறேன்."

ஜாஸ்மின் சொன்னாள். பாடம் ஒப்பிக்கிற மாதிரி, ஒரு ஏற்ற இறக்கமும் இல்லாமல் சொன்னாள். முட்டியை மடக்குங்க. ஒரு கை தோளுக்கு அடியில, ஒரு கை இடுப்புக்கு அடியில. இழுக்காதீங்க, தோல் பிஞ்சிரும், உருட்டுங்க. நீரஜா கட்டிலில் முட்டிபோட்டு ஏறினாள். கிழவி அத்தனை கனமாக இருப்பாள் என்று அவள் நினைக்கவில்லை. துணி முழுக்க நனைந்திருந்தது. உருட்டியபோது முதுகுக்குக் கீழே, இடுப்பெலும்பு மேல், ஒரு ரூபாய் அளவுக்குச் சிவந்து, நடுவில் தோல் உரிந்திருந்தது. அந்தோணியம்மாளின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"இன்னா ஆச்சு?" போனிலிருந்து ஜாஸ்மின் கத்தினாள். "புண்ணு வந்துச்சா? யக்கா, புண்ணு வந்துச்சா?"

சகினா நீரஜாவைப் பார்த்தாள். "சின்னதா சிவந்திருக்கு" என்றாள் நீரஜா.

ஜாஸ்மின் அழவில்லை. மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது. மறுபடி பேசியபோது குரல் மாறியிருந்தது. கம்பெனியிலிருந்து யாராவது கூப்பிட்டால் பேசுகிற குரல், வார்த்தைக்கு வார்த்தை மரியாதை.

"மேடம், ஒண்ணு சொல்லணும். நான் மத்தியானம் எங்கயும் போறதில்ல மேடம். எப்பவும் போனதில்ல. அன்னிக்கு ஏதோ விளையாட்டுக்குச் சொன்னேன்."

"ஜாஸ்மின், என்கிட்ட நீங்க பயப்பட வேண்டாம்."

"பயமெல்லாம் ஒண்ணும் இல்ல மேடம். கம்பெனி ரொம்ப நல்ல கம்பெனி. ஆப் ரொம்ப நல்லா இருக்கு, எங்களுக்கு ரொம்ப வசதியா இருக்கு. ஒரு குறையும் இல்ல." அவள் மூச்சு விட்டுக்கொண்டாள். "எழுதிக்கிட்டீங்களா மேடம்?"

பன்னிரண்டு வருஷத்தில் எத்தனையோ வீடுகளில் எத்தனையோ பேர் அவளிடம் பொய் சொல்லியிருக்கிறார்கள். அப்போதெல்லாம் நீரஜா சிரித்துக்கொண்டே இன்னொரு கேள்வி கேட்பாள், உண்மை வந்துவிடும். இப்போது கேட்க அவளிடம் ஒரு கேள்வியும் இல்லை.

"எழுதிக்கிட்டீங்களா மேடம்?" ஜாஸ்மின் மறுபடியும் கேட்டாள்.

நீரஜாவின் இரண்டு கையும் அந்தோணியம்மாளின் முதுகுக்கு அடியில் இருந்தன. எடுத்தால் அவள் மறுபடி புண் மேலேயே விழுவாள்.

"எழுதிக்கிட்டேன் ஜாஸ்மின்" என்றாள்.